மறைந்துபோன இரங்கல் பெட்டி

பேருந்துப் பணிமனையில் அவனுடைய வேலை, எந்த ஓட்டுநருக்கு எந்த வண்டி என்று வாராவாரம் டூட்டி போடுவது. அந்த வேலையில் ஒருவனுக்கு நல்ல பெயர் கிடைப்பது குதிரைக்கொம்பு. காலை வண்டி கிடைத்தவன் மாலை வண்டி கேட்பான். மாலை வண்டி கிடைத்தவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். ஆனாலும் டிப்போவில் அவனைப் பற்றிக் கொஞ்சம் பெருமையோடுதான் பேசினார்கள். அதற்குக் காரணம் அவன் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த ஒரு விதிப் பட்டியல். அதனால்தான் அவனுக்கு வடிகட்டி என்று பெயர் விழுந்தது. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

இணையத்தில் விளம்பரத் தொல்லை வேண்டாம் என்று உலாவியில் ஒரு தடுப்பானைப் போட்டுக்கொள்கிறோம். அந்தத் தடுப்பானுக்குச் சொந்த புத்தி கிடையாது. எதைத் தடுக்க வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று யாராவது வரிவரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழ்த் தளங்களுக்கு அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் வடிகட்டி ஒருவன். கூலி எதுவும் கிடையாது. முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் அவன் எழுதியதை இறக்கிப் போட்டுக்கொண்டு நிம்மதியாகச் செய்தி படித்தார்கள். அந்த நினைப்பே அவனுக்குப் போதுமாக இருந்தது.

"உலகத்துக் குப்பையெல்லாம் கூட்டித் தள்ளுறாரு. வீட்டுக் குப்பைய வாசல்ல கொண்டுபோய் வைங்கன்னா மட்டும் இடுப்பு பிடிச்சுக்கும்" என்று அவன் மனைவி தன் அக்காவிடம் போனில் சொல்வாள், அவன் காதில் விழும்படியாகவே.

அந்தப் பட்டியலுக்குப் பிள்ளையார் சுழி போட வைத்தவர் ஸ்டோர் அண்ணன். டிப்போவின் உதிரிபாகக் கிடங்கு அவர் பொறுப்பில் இருந்தது. கிரீஸும் ரப்பரும் மணக்கும் அந்த அறையில், பிரேக் ஷூ அடுக்குகளுக்கு நடுவே ஒரு பழைய கணினி. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர்ச் செய்தித் தளத்தைப் படிப்பது அவர் வழக்கம். ஒரு நாள் வடிகட்டி ஏதோ கையெழுத்துக்காக உள்ளே போனபோது, திரையின் ஓரத்தில் உடம்பு இளைக்க மாவு விற்கும் ஒரு பெண் மின்னி மின்னி மறைந்துகொண்டிருந்தாள்.

"தம்பி, உனக்குத்தான் இந்த மெஷினெல்லாம் தெரியுமே. இந்தக் கண்ணடிக்கிறவள கொஞ்சம் மூட முடியுமா? சாப்பாடு உள்ள இறங்க மாட்டேங்குது."

அவன் மூடிக் கொடுத்தான். ஸ்டோர் அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார். அதற்குப் பிறகு தினமும் ஒரு புகார் வைத்திருப்பார். "இன்னைக்கு ஒருத்தன் புதுசா குதிக்கிறான் பாரு." அவன் அதையும் மூடுவான். அந்த அறையின் ஸ்டூலில் உட்கார்ந்துதான் அவன் விதி எழுதக் கற்றுக்கொண்டான். பிறகு அவர் ஓய்வு பெற்றார். கடைசி பஸ் நிறுத்தத்தையும் தாண்டிய ஓர் இடத்தில் சின்ன வீடாகப் பார்த்து மனைவியோடு குடிபோனார். முதலில் அடிக்கடி டிப்போவுக்கு வந்தார். அப்புறம் எப்போதாவது. அப்புறம் வரவில்லை.

இதற்குள் வடிகட்டி டிப்போவில் இருந்த எல்லாக் கணினியிலும் தன் பட்டியலைப் போட்டுவிட்டிருந்தான். ஃபோர்மேனின் போனிலும் போட்டான், கேன்டீன்காரர் போனிலும் போட்டான். யாரும் கேட்காமலே போட்டான் என்றுகூடச் சொல்லலாம். மறுத்தவர் ஒருவர்தான், சம்பளப் பிரிவு அக்கா.

"என் மெஷின்ல கை வைக்காத. விளம்பரம் பாக்குறதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. சோபாவும் அலமாரியும் விதவிதமா வருது. வாங்கப் போறதில்ல. பாக்குறதுக்குமா காசு கேக்குறான்?"

"உங்கள எல்லாம் திருத்த முடியாது அக்கா" என்று சிரித்துக்கொண்டே போனான்.

அந்த ஊர்ச் செய்தித் தளத்தின் முதல் பக்கத்தில் இரங்கல் என்று ஒரு பெட்டி உண்டு. இறந்தவரின் படம், அடக்கம் எங்கே, எத்தனை மணிக்கு என்ற விவரம். வீட்டார் கட்டணம் கட்டிப் போடுவது. தளத்தை அமைத்தவர்கள், கட்டணம் கட்டி வருகிற எல்லாவற்றுக்கும் பக்கத்தின் உள்ளே ஒரே பெயரைக் கொடுத்திருந்தார்கள். உடம்பு இளைக்கும் மாவும் அதே பெயருள்ள பெட்டியில்தான் வந்தது, செத்தவர் செய்தியும் அதே பெயருள்ள பெட்டியில்தான் வந்தது. வடிகட்டியின் பட்டியலில் இருந்த ஒரு வரி, எந்தத் தளமானாலும் சரி, அந்தப் பெயருள்ள பெட்டியைக் கண்டால் மறைத்துவிடு என்றது. இன்னொரு வரி, அந்தப் பெட்டிகளுக்குச் சரக்கு வந்து சேரும் முகவரியையே அடைத்திருந்தது.

பட்டியலில் தவறு இருந்தால் யாரும் வந்து சொல்லலாம் என்று ஒரு பொதுப் பக்கம் வைத்திருந்தான். அங்கே ஒரு நாள் ஒருவர் எழுதினார். ஓய்வுபெற்ற மின்பணியாளர் என்பதைத் தவிரத் தன்னைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை.

"ஐயா, உங்கள் பட்டியலைப் போட்ட பிறகு இரங்கல் பெட்டி வருவதில்லை. என்னோடு முப்பது வருடம் கம்பம் ஏறியவர் இறந்தது எனக்குத் தெரியாமல் போனது. தயவுசெய்து பார்க்கவும்."

வடிகட்டி உடனே பதில் போட்டான். காசு கொடுத்துப் போடுவது எதுவாக இருந்தாலும் விளம்பரம்தான். ஆளுக்கு ஆள் சலுகை கொடுத்தால் பட்டியல் எதற்கு? எழுதி முடித்ததும் தன் நேர்மை அவனுக்கே பிடித்திருந்தது. ஆனால் இன்னும் சிலர், அவர் சொல்வது நியாயம்தானே என்று கேட்டார்கள். சரி, ஒழியட்டும் என்று ஒரு விலக்கு விதி எழுதினான். வரியின் தொடக்கத்தில் இரண்டு 'அட்' குறி (@@), பிறகு அந்த முகவரி. இங்கிருந்து வருவதை விட்டுவிடு என்று அர்த்தம். தடுப்பான் எதை அடைத்தது, எதை விட்டது என்று காட்டும் பதிவுச் சாளரத்தைத் திறந்து பார்த்தான். சிவப்பாக இருந்த அந்த வரி பச்சையாகியிருந்தது. அனுமதிக்கப்பட்டது. பக்கத்தைத் திறந்து பெட்டி கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்கவில்லை. பச்சை வந்துவிட்டதே! 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதிப் புகாரை மூடினான்.

சில நாள் கழித்து அவர் மறுபடி எழுதினார். "ஐயா, இன்னும் தெரியவில்லை."

"பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள்" என்றான்.

"புதுப்பித்துவிட்டேன் ஐயா. தெரியவில்லை."

"அப்படியானால் கண்ணாடியை மாற்றிப் பாருங்கள்" என்று எழுதினான்.

கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள் விழுந்தன. யாரோ ஒருவர் 'செம' என்றார். மின்பணியாளர் அதன்பின் எழுதவில்லை. வடிகட்டி அந்தச் சிரிப்பு முகங்களை மனைவியிடம் காட்டினான். அவள் படித்துவிட்டு, "வயசானவரா இருப்பாரு போல இருக்கே" என்று மட்டும் சொன்னாள். அவன் அதைக் காதில் வாங்கவில்லை.

மழைக்காலம் முடிந்து ஒரு வாரநாள் காலையில், சம்பளப் பிரிவு அக்கா அலுவலகத்துக்குள் நுழைந்து கைப்பையை மேசையில் பொத்தென்று போட்டார். முந்தைய நாள் அவர் விடுப்பு.

"ஏன், நீங்கல்லாம் மனுஷங்கதானா?"

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஃபோர்மேன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "என்னாச்சு, காலையிலேயே?"

"ஸ்டோர் அண்ணன் போயிட்டாரு. நேத்து அடக்கம். டிப்போவிலிருந்து நான் ஒருத்திதான். நீங்க எல்லாரும் வண்டி பிடிச்சு ஒண்ணா வருவீங்க, வருவீங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். பெட்டியத் தூக்க ஆள் பத்தல. சவ வண்டி ஓட்டி வந்தவரு இறங்கி வந்து தோள் கொடுத்தாரு. யாருன்னே தெரியாத மனுஷன்!"

ஃபோர்மேனும் ஸ்டோர் அண்ணனும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"எங்களுக்கு யாரு சொன்னா?" என்றார் ஃபோர்மேன்.

"யாரு வந்து சொல்லணும்? அதான் ஊர்ச் செய்தியில போட்டோவோட வந்திருந்ததே. முதல் பக்கத்துல. வீட்டுல டீ குடிக்கும்போது பாத்துட்டு அப்படியே கிளம்பிப் போனேன்."

"தினம் அதத்தானே நானும் படிக்கிறேன். நேத்தும் படிச்சேன். அப்படி ஒண்ணும் இல்லையே."

அவர் தன் கணினியைத் தட்டினார். வானிலை இருந்தது. அதன் கீழே விளையாட்டுச் செய்தி. நடுவில் ஓர் இடைவெளிகூட இல்லை. அக்கா தன் மேசைக்கு எல்லாரையும் கூப்பிட்டார். சோபா விளம்பரத்துக்கும் அலமாரி விளம்பரத்துக்கும் நடுவே ஸ்டோர் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். அடையாள அட்டைக்காக எடுத்த பழைய படம்.

"அப்ப நம்மளோடதுல மட்டும் ஏன் வரல?" என்று ஃபோர்மேன் கேட்டார். யாரையும் குறிவைத்துக் கேட்கவில்லை. ஆனாலும் வடிகட்டியின் முகத்தில் ஈயாடவில்லை.

"சர்வர்ல ஏதாவது கோளாறா இருக்கும்" என்றான். தன் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

சர்வரில் ஒரு கோளாறும் இல்லை. பார்த்த மாத்திரத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒரு கட்டடத்தின் வாசலில் ஒரு காவலாளி நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வேண்டாத ஆளை உள்ளே விடமாட்டான். கட்டடத்துக்குள்ளே கையில் போர்வையோடு இன்னொருவன் நிற்கிறான். இன்ன சட்டை போட்டவன் யார் உள்ளே வந்தாலும் அவன்மேல் போர்வையைப் போட்டு மூடுவது இவன் வேலை. இருவரும் ஒரே முதலாளியின் ஆட்கள்தான். ஆனால் ஒருவனுக்குச் சொன்னது மற்றவன் காதுக்குப் போகாது. வடிகட்டி அன்று எழுதிய விலக்கு வாசல் காவலாளிக்கு மட்டும்தான். அவன் ஒழுங்காக வழி விட்டான். பச்சை எரிந்தது. இரங்கல் செய்தி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கணினிக்குள்ளும் வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தது. வந்து சேர்ந்ததும் உள்ளே இருந்தவன் போர்வையைப் போட்டு மூடினான். அவனுக்குத் தனியாக, அவன் பாஷையில் ஒரு விலக்கு எழுதியிருக்க வேண்டும். பட்டியல் எழுதப் பழகும் எவரும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அது. மற்றவர்களுக்கு அவனே எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறான்.

இன்னும் தெரியவில்லை ஐயா, என்று அந்த மனிதர் இரண்டு முறை சொன்னார். பொய் சொல்ல அவருக்கு என்ன வேண்டுதல்?

அவசரமாக ஒரு வரி எழுதி வெளியிட்டான். அந்தத் தளத்தில் எதையுமே மறைக்காதே என்கிற வரி. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. பக்கத்தைத் திறந்தால் மறைந்திருந்த அத்தனை கூத்தும் திரும்பி வந்து ஆடியது. ஸ்டோர் அண்ணனின் முகத்துக்கு மேலேயே ஒரு சூதாட்டப் பலகை மிதந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் அந்த வரியை அழித்தான். பிறகு அந்த ஒரு தளத்தில் அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் என்று ஒரு வரி. இரண்டு ஹாஷ் குறிக்கு நடுவே ஓர் 'அட்' குறி வைத்து (#@#) எழுதுவது. ஒன்றும் நடக்கவில்லை. உற்றுப் பார்த்தான். பெட்டியின் பெயரில் ஒரு சிறு கோடு விட்டுப் போயிருந்தது. மறைக்கச் சொன்ன வரியில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து இருந்தால்தான் விலக்கு செல்லும். கோட்டைப் போட்டான். சூதாட்டப் பலகை இல்லை. ஆனால் மாவு விற்கிறவளும் அதே பெயருள்ள பெட்டியில் இருந்ததால் அவளும் திரும்பி வந்துவிட்டாள். அவளைப் பிரித்து மூட, இரங்கல் அல்லாத பெட்டியை மட்டும் மறை என்று இன்னொரு வரி எழுத வேண்டியிருந்தது. இந்த முறை பதிவுச் சாளரத்தைத் திறக்கவே இல்லை. பக்கத்தைத் திறந்து, ஃபோர்மேன் கணினியிலும் திறந்து, தன் கண்ணால் பார்த்தான். அடக்கம் நடந்த நேரமும் இடமும் தெளிவாகத் தெரிந்தன.

மாலையில் சம்பளப் பிரிவு அக்கா தனியாக இருக்கும்போது போய் நின்றான்.

"அக்கா, அது சர்வர் இல்ல. நான்தான்."

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "அப்படித்தான் நானும் நினைச்சேன். உன் மூஞ்சியே சொல்லுச்சு."

"ஸ்டோர் அண்ணன் வீட்டுக்குப் போய் அண்ணிகிட்ட சொல்லணும். நீங்களும் கூட வரீங்களா?"

"நான் எதுக்கு? நீ எனக்குப் பின்னால ஒளிஞ்சுக்கவா? நீயே போ."

ஞாயிற்றுக்கிழமை போனான். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, மரக்கடையைத் தாண்டி நடந்தான். வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகள் இன்னும் திருப்பி அனுப்பப்படாமல் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. ஸ்டோர் அண்ணனின் மனைவி கதவைத் திறந்து, யார் என்று ஒரு கணம் யோசித்தார்.

"டிப்போவில டூட்டி போடற தம்பிதானே? வா. உக்காரு."

டீ கொடுத்தார். அவன் வாங்கி வைத்துக்கொண்டான். கூடத்துச் சுவரில் வட்டமாக ஒரு வெளுத்த தடம், நடுவில் ஆணி. அங்கே ஏதோ மாட்டியிருந்திருக்கிறார்கள்.

"ஒரே நாள்ல எல்லாம் முடிஞ்சு போச்சுப்பா. அவரு செல்போன எப்படித் திறக்கறதுன்னு எனக்குத் தெரியல. ஏதோ கோலம் மாதிரி விரலால இழுப்பாரு, நான் கவனிச்சதே இல்ல. யாரு நம்பரும் கையில இல்ல. பக்கத்து வீட்டுப் பொண்ணுதான் ஊர்ச் செய்தியில போட்டுடலாம்னு சொல்லுச்சு. அவரும் தினம் அதத்தானே படிப்பாரு, டிப்போ ஆளுங்களும் படிப்பாங்கன்னு போட்டேன்." "அவங்கவங்களுக்கு ஆயிரம் வேல. நானும் ஒண்ணும் நினைக்கல."

"இல்ல அண்ணி. யாருக்கும் தெரியல. அது வந்து... எங்க கம்ப்யூட்டர்ல அந்தச் செய்தி வரல."

"ஏன்? கம்ப்யூட்டர்ல கோளாறா?"

அவர் கேட்ட விதத்தில் ஒரு வாசல் திறந்திருந்தது. அவன் அதில் நுழைந்துவிட்டான். "ஆமா அண்ணி. கம்ப்யூட்டர் கோளாறு."

டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டான். மரக்கடை வரை நடந்தான். வெயிலில் அறுத்துப் போட்ட பலகைகளின் வாசனை. பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் அவன் டூட்டி போட்ட ஆள்தான். "என்ன வடிகட்டி சார், இந்தப் பக்கம்?" என்று சிரித்தான். அந்தப் பெயர் அன்றைக்கு வெந்த புண்ணில் வேல் மாதிரி இருந்தது. பஸ் படியில் வைத்த காலை எடுத்துவிட்டுத் திரும்பி நடந்தான்.

"எதையாவது விட்டுட்டுப் போயிட்டியா?" என்றார் அண்ணி.

"கோளாறு இல்ல அண்ணி. நான் பண்ணினது." நின்றபடியே சொன்னான். விளம்பரம் வரக்கூடாது என்று தான் எழுதிய வரி இரங்கலையும் சேர்த்து மூடியதை, ஒருவர் முன்பே எச்சரித்ததை, தான் அரைகுறையாகத் திருத்திவிட்டு அவரைக் கேலி செய்ததை, டிப்போவில் எல்லார் கணினியிலும் அதைப் போட்டதே தான்தான் என்பதை. "எல்லாரும் அன்னைக்குக் காலையில அந்தப் பக்கத்தப் படிச்சிருக்காங்க அண்ணி. அவரு அதுலதான் இருந்தாரு. நான்தான் தெரிய விடல."

அவர் அழவில்லை.

"அப்ப அவங்க வேணும்னு வராம இருக்கல" என்றார்.

"இல்ல அண்ணி. ஃபோர்மேன் அன்னைக்குச் சாப்பிடவே இல்ல."

"நான் இத்தனை நாளா அவரு போட்டோகிட்ட என்ன பேசிக்கிட்டிருந்தேன்னு உனக்குத் தெரியுமா? 'பாத்தீங்களா உங்க டிப்போவ, டிப்போ டிப்போன்னு உயிர விட்டீங்களே, ஒருத்தன் வந்தானா'ன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். போன மனுஷன நிம்மதியா போக விடல நான்." சுவரின் வெளுத்த தடத்தைக் காட்டினார். "ரிட்டையர் ஆனப்போ நீங்க எல்லாரும் சேந்து குடுத்த கடிகாரம் அங்க இருந்துச்சு. அதப் பாக்கப் பாக்க வயிறு எரிஞ்சுது. முந்தாநாள் பழைய சாமான்காரன் வந்தான். சும்மா எடுத்துட்டுப் போன்னு குடுத்துட்டேன்."

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது அவனுக்கு. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்கிட்ட சொன்னத அங்க சொன்னியா?"

"அக்காகிட்ட மட்டும்..."

"எல்லார்கிட்டயும் சொல்லு. உன் வாயால சொல்லு. அப்புறம் அவங்க வரட்டும். நீ வரணும்னு நான் சொல்லல, வர வேணாம்னும் சொல்லல."

மறுநாள் டீ நேரத்தில் கேன்டீனில் எழுந்து நின்று சொன்னான். மெக்கானிக்குகள், நடத்துநர்கள், கேன்டீன்காரர் எல்லாரும் இருந்தார்கள். காவலாளி, போர்வை என்று விளக்க ஆரம்பித்தபோது, பின்பெஞ்சு மெக்கானிக் ஒருவர், "அதெல்லாம் எதுக்கு? நீ ஒழுங்கா பாக்கல, அவ்வளவுதானே?" என்றார். "ஆமா" என்றான். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். ஃபோர்மேன் தன் போனை எடுத்து அவன் முன்னால் வைத்தார். "இத எடுத்துடு" என்றார். வடிகட்டி அந்த இடத்திலேயே தடுப்பானை நீக்கிக் கொடுத்தான். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த டீயைக் குடிக்காமல் வெளியே போனார். அந்த வாரம் முழுக்க அவன் ஒவ்வொரு மேசையாகப் போய், கேட்டவர்களுக்கெல்லாம் நீக்கிக் கொடுத்தான். வடிகட்டி என்று கூப்பிடுவதைச் சிலர் நிறுத்திக்கொண்டார்கள். அவனை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் 'இந்தாப்பா' என்றார்கள்.

அடுத்த ஞாயிறு டிப்போவிலிருந்து ஒரு வண்டியே போனது. ஃபோர்மேன் பழைய சாமான் கடைகளில் அலைந்து பார்த்துவிட்டுக் கடிகாரம் கிடைக்காமல் வெறுங்கையோடு போனார். வடிகட்டியும் போனான், கடைசி இருக்கையில். வீட்டுக் கூடத்தில் பேச்சும் அழுகையும், நடுநடுவே ஸ்டோர் அண்ணனின் கஞ்சத்தனத்தைப் பற்றிய சிரிப்பும் கேட்டன. ஒரு போல்ட்டுக்கு மூன்று கையெழுத்து கேட்ட மனுஷன்! அவன் சமையலறைப் பக்கம் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தான். அண்ணி ஒருமுறை உள்ளே வந்து, கழுவிய டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவள் கேட்டாள், "அந்தப் பெரியவருக்கு எழுதினீங்களா?"

எழுதவில்லை. கேன்டீனில் நிற்பதைவிட அது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. பல தடவை எழுதி அழித்தான். கடைசியில் அந்தப் பொதுப் பக்கத்திலேயே, மூடிய புகாரை மறுபடி திறந்து, சிரிப்பு முகங்களுக்குக் கீழே எழுதினான். "நீங்கள் சொன்னது சரி. நான் எழுதிய விலக்கு தவறானது. திறந்து பார்க்காமலே சரிசெய்ததாகச் சொன்னேன். உங்கள் நண்பரின் அடக்கத்துக்கு நீங்கள் போக முடியாததற்கு நான்தான் காரணம். அதற்குமேல் உங்களைக் கேலியும் செய்தேன். வெட்கப்படுகிறேன்." கூடவே, இனி எந்தப் புகாரையும் புகார் கொடுத்தவர் சரியென்று சொன்ன பிறகே மூடுவது என்றும் ஒரு வரி சேர்த்தான். நல்ல மனசு என்று சிலர் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு அவன் உடம்பில் முள்ளாகத்தான் குத்தியது. மின்பணியாளரிடமிருந்து பதில் இல்லை. அவர் பட்டியலையே தூக்கிப் போட்டிருக்கலாம். கண்ணாடியை மாற்றச் சொன்னவனோடு என்ன பேச்சு என்று விட்டிருக்கலாம். உயிரோடு இருக்கிறாரா என்றுகூட ஒரு நாள் பயம் வந்தது. இரங்கல் பெட்டியில் மின்வாரியம் என்று ஏதாவது இருக்கிறதா என்று தினமும் பார்க்க ஆரம்பித்தான்.

வெகுநாள் கழித்து, ஒரு மாலை டூட்டி போட்டுக்கொண்டிருக்கும்போது அறிவிப்பு வந்தது. திறக்க ஒரு நிமிடம் தயங்கினான். பிறகு திறந்தான்.

"ஐயா, பரவாயில்லை என்று எழுத மனம் வரவில்லை. ஆனால் இப்போது பெட்டி தெரிகிறது. நேற்று எங்கள் லைன் இன்ஸ்பெக்டர் தவறிவிட்டார். போய் வந்தேன். புகாரை மூடிக்கொள்ளலாம்."

அவன் அதை இரண்டு முறை படித்தான். பிறகு புகாரை மூடினான். வெளியே ஒரு ஓட்டுநர் வந்து கதவைத் தட்டி, "சார், நாளைக்கு எனக்குக் காலை வண்டியா, மாலை வண்டியா?" என்று கேட்டான்.

"உள்ள வாப்பா, பாத்துச் சொல்றேன்" என்றான்.